மாத்திரை நின்ற பதினொரு நாள்

பிரேத அறைச் சிப்பந்தி உடல் வைத்த பையின் ஜிப்பைக் கழுத்து வரை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சுதர்ஷினியிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் கோட்டுக்கு இப்பால் நின்றபடியே பார்த்தாள். அப்பாவின் மூக்கின் மேல் ஒட்சிசன் முகமூடி அழுத்திய தடம் இருந்தது. நாலு நாள் தாடி முழுக்க நரை. அவருக்கு இவ்வளவு நரை இருப்பது அவளுக்குத் தெரியாது. தினமும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன் மழித்துவிடுகிறவர்.

பெயர் அழகையா, வயது ஐம்பத்தெட்டு, சரிதானா என்று சுகாதாரப் பரிசோதகர் கேட்டார்.

"ஆமாங்க. எங்கப்பாதான்."

கையெழுத்துப் போட்டாள். உடலை வீட்டுக்குத் தர மாட்டார்கள். பதுளையிலேயே மூன்று மணிக்குத் தகனம், இரண்டு பேர் மட்டும் வரலாம். வெளியே வேப்ப மரத்தடியில் அம்மாவின் தம்பி வீரய்யா காத்திருந்தார். அம்மா வர முடியாது. அவளுக்கும் கொரோனாத் தொற்று இருந்ததால் தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தனியாக இருந்தாள். பதினைந்து நாளுக்கு முன்பு முதலில் காய்ச்சலில் படுத்தவள் சுதர்ஷினிதான். அவளுடைய தனிமைப்படுத்தல் நேற்றுத்தான் முடிந்திருந்தது.

நடைபாதை முனையில் டாக்டர் ஜெயமலர் அவளை நிறுத்தினார். அப்பாவை வார்டில் பார்த்தவர் அவர்தான். இரண்டு நாளுக்கு முன்பு போனில் பேசியதும் அவர்தான். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அப்பாவின் பிரஷர் இருநூற்றிப்பத்துக்கு நூற்றியிருபது இருந்ததாக அன்று போனில் சொல்லி, மருந்தை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். ஆமா டாக்டர், ஒழுங்காகக் குடித்தார் என்று சுதர்ஷினி சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அம்மாவுக்கும் பிரஷர் எண்டு சொன்னனீங்கள் எல்லோ. அவ மருந்து எடுக்கிறாவோ?" என்று இப்போது கேட்டார்.

சுதர்ஷினி முகக்கவசத்தைத் தேவையில்லாமல் சரிசெய்தாள்.

"டாக்டர், பிரஷர் மாத்திரை குடிச்சா கொரோனா கூடுமுன்னு சொல்றாங்களே?"

"ஆர் சொன்னது?"

"போன்ல வந்துச்சு."

டாக்டர் அவளைச் சுவரோரமாக அழைத்துக்கொண்டு போனார். கோபப்படவில்லை. பிரஷர் என்பது வருசக்கணக்காக இரத்தக் குழாயையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் களைக்க வைக்கிற வியாதி, ஏற்கெனவே களைத்த உடம்பில் இந்தக் கிருமியும் வந்து ஏறினால் தாங்குவது கஷ்டம், அதிலும் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இன்னும் கஷ்டம் என்றார். அந்த மாத்திரைகளைப் பற்றித் தொடக்கத்தில் படித்தவர்களுக்கே சந்தேகம் இருந்தது உண்மைதான். பிறகு ஆராய்ந்து பார்த்து, நிறுத்த வேண்டாம், நிறுத்துவதுதான் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

"அப்பாவும் நிப்பாட்டினவரோ?"

"பதினொரு நாள், டாக்டர். அம்மா இன்னைக்கு வரைக்கும் குடிக்கல."

டாக்டர் கையிலிருந்த ஃபைலை மூடினார்.

"அதாலதான் எண்டு என்னால அடிச்சுச் சொல்லேலாது. சுவாசப்பை ரெண்டும் பழுதாப் போச்சுது. மருந்து எடுத்திருந்தாலும்…" அவர் முடிக்கவில்லை. "அம்மாவை இண்டைக்கே பாருங்கோ. வழமையான அளவு போதும், கூட்டிக் குடுக்க வேண்டாம். நெஞ்சு நொந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே இஞ்ச கொண்டு வாங்கோ."

வேப்ப மரத்தடிக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள். மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சாமித் தட்டில் இருக்கிறது என்றாள் அம்மா. ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். 

"நீதானே வேணாமுன்ன. இப்ப நீயே குடிக்கச் சொல்ற. என்னான்னு வந்து சொல்லு, குடிக்கிறேன்." போன் நின்றுவிட்டது.

அம்மா அப்படித்தான். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவள். ஆனால் காரணம் தெரியாமல் எதையும் வாயில் வைக்க மாட்டாள். அப்பாவோ கொடுத்ததைக் குடிப்பவர். ஒன்பது வருடம் ஒரு கிளினிக் நாளைக் கூட அவர் தவறவிட்டதில்லை. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு விடியற்காலையிலேயே மலை இறங்குவார். திகதி போட்டு முத்திரை குத்திய பக்கங்களை மற்றவர்களுக்கு விரித்துக் காட்டுவார். ஊரடங்கு வந்து கிளினிக் நடக்காதபோது மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள். அந்தப் பொட்டலத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது அப்பாவின் முகத்தில் இருந்த திருப்தியை நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தொற்று என்று தெரிந்த அன்றுதான் அந்தச் செய்தி போனில் வந்தது. பிரஷர் மாத்திரை உடம்பில் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் என்று எழுதியிருந்தது. ஒரு பெரிய டாக்டரின் பெயர் கீழே இருந்தது. அடைத்த அறைக்குள் படுத்துக்கொண்டு அதை நான்கு தடவை படித்தாள். கதவுக்கு வெளியே அப்பா இருமாமல், அம்மா இருமாமல் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னிடமிருந்து அவர்களுக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அன்று அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே உரக்கப் படித்துக் காட்டினாள். அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் பொறுப்பு அவளுடையது. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தச் செய்தியை அன்றே லயத்து ஆட்களின் போன் குழுவுக்கும் அனுப்பியிருந்தாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா அழைத்தாள். அம்மா தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள். தகனத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. இப்போது போனால் திரும்பி வர முடியாது. ஊரடங்கில் ஒரு ஆட்டோவுக்கு ஒரு தடவைக்குத்தான் அனுமதிச் சீட்டு.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தலை சுற்றல், மருந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வீரய்யா பிரேத அறைக் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ போ பாப்பா. மச்சான் கூட நா இருக்கேன்."

ஹாலிஎல தாண்டும் வரை கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. வறண்ட காற்று. பத்தனைப் புல் காய்ந்து மலை பழுப்பாக நின்றது. ஆட்டோ ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் அப்பாவிடமிருந்து தூரம் கூடிக்கொண்டே போவது அவளுக்குத் தெரிந்தது.

அம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொல்லி வைத்திருந்ததால் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து வாசலில் நின்றார். கவச உடையோடு உள்ளே வந்து கைப்பட்டியைச் சுற்றி அளந்தார். நூற்றியெண்பதுக்கு நூற்றிப்பத்து. நெஞ்சு வலி இல்லை, பார்வையும் சரியாக இருந்தது. வழக்கமான மாத்திரையை உடனே கொடுங்கள், சாயங்காலம் மறுபடி அளந்து பார்த்து, இறங்காவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுதர்ஷினி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து பாய் அருகில் உட்கார்ந்தாள்.

"எதுக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா கருப்பம்மா, திரும்பாமலே.

"நா சொன்னது தப்பும்மா. மாத்திரைய நிப்பாட்டவே கூடாதாம். நிப்பாட்டுனாத்தான் ஆபத்தாம். டாக்டரம்மா சொன்னாங்க."

அடுத்த கேள்வியை அம்மா கேட்பாள் என்று காத்திருந்தாள். அம்மா கேட்கவில்லை.  கருப்பம்மா எழுந்து உட்கார்ந்து, கலைந்த கூந்தலை முடிந்தாள்.

"ஒம்பதாம் நாளு பொடனி வலிக்குதுன்னு எங்கிட்ட கேட்டாரு. ஒரே ஒன்னு குடு புள்ள, பாப்பாவுக்குச் சொல்லாதன்னாரு. நாந்தான் குடுக்கல. புள்ள திட்டுமுன்னு சொன்னேன். சரின்னு படுத்துக்கிட்டாரு."

 அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, தண்ணீர் முழுவதையும் குடித்து, வெறும் குவளையைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலே காலுக்கு மாமா போன் செய்தார். முடிந்துவிட்டது, சாம்பலை நாளைக்குத் தருவார்கள் என்றார். பெட்டியை உள்ளே தள்ளும்போது வாயில் வந்த தேவாரத்தைச் சொன்னதாகவும், பாதியில் மறந்துவிட்டதாகவும் சொன்னார். ஐந்து மணிக்கு டிஸ்பென்சரி ஐயா வந்து அளந்தபோது நூற்றியறுபத்தைந்து. இறங்குகிறது, நாளைக் காலையும் தவறாமல் கொடுங்கள் என்றார்.

அவர் போன பிறகு பெண்கள் வந்தார்கள். லயத்துக்கு முன்னால் ஓடும் வடிகால் கானுக்கு அப்பால், ஆளுக்கு ஆள் தள்ளி, முகக்கவசத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே வர முடியாது, கட்டிப்பிடித்து அழ முடியாது. லெட்சுமி அக்காதான் தொடங்கினாள். அழகையா எரித்த அடுப்பையும், அவர் காயவைத்த கொழுந்தையும், அவர் இறங்கிப் போன பாதையையும் சொல்லி ஒப்பாரி வைத்தாள். கவசத்துக்குள் குரல் அமுங்கி வந்தது. லெட்சுமி அக்காவுக்கும் பிரஷர். பின்னால் நின்ற இராக்கம்மாவுக்கும். இன்னும் இரண்டு பேருக்கு இருப்பது சுதர்ஷினிக்குத் தெரியும். கிளினிக் கொப்பியில் திகதி பார்த்துச் சொல்வதே அவள்தான்.

குழுவில் எழுதிப் போட்டுவிடலாம். பெயரில்லாமல், டாக்டர் சொன்னது என்று மட்டும் போடலாம். போனைக் கையில் எடுத்தாள். அந்தச் செய்தியை அனுப்பியதும் இதே போனில்தான். போனை வைத்துவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கிக் கானுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். ஒப்பாரி தானாக நின்றது.

"பிரஷர் மாத்திரைய யாரும் நிறுத்தியிருந்தா இன்னைக்கே குடிங்க. நா அனுப்புனது பொய்ச் செய்தி. எங்கப்பாவுக்கு நாந்தான் நிப்பாட்டுனேன்."

குரல் கடைசியில் உடைந்ததால், எல்லாருக்கும் கேட்டதா என்று தெரியவில்லை.  இராக்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லெட்சுமி அக்கா சுதர்ஷினியை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பிற்பாடும் சுதர்ஷினியால் சொல்ல முடியவில்லை.

"காலையில ஒன்னு, ராவுல ஒன்னு. அதே மாதிரிதானே?" என்று லெட்சுமி அக்கா கேட்டாள்.

"அதே மாதிரிதான் அக்கா. கூட்டிக் குடிக்க வேணாம்."

லெட்சுமி அக்கா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

சுதர்ஷினி திரும்பினாள். அம்மா எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து படியில் உட்கார்ந்தாள். கானின் பக்கம் பார்த்தபடியே, சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டு, இன்னொருவர் உட்கார இடம் விட்டுப் படியின் ஒரு ஓரமாக நகர்ந்தாள்.