தண்ணீர் விட்டவள்

இருபது வருஷமாக என் ஆட்களிடம் நான் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கான்கிரீட் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துவிட்ட பிறகு, மேலே தண்ணீர் ஊறி நிற்கும். அது தானாக வற்றும்வரை தேய்க்கும் கரணையைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், இரண்டு மாதத்தில் மாவாக உதிரும். “எவனாவது தூவுனீங்க, கைய முறிச்சுடுவேன்” என்பேன். என் கை மட்டும் முறியாமல் நன்றாகத்தான் இருக்கிறது.

தங்கை வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தரை போட்டது நான்தான். கூலி வாங்கவில்லை, அதை நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் மறக்கவில்லை. மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர். மண் தரையில் வண்டியை விட்டு விட்டு டயரெல்லாம் சேறு. மண்ணை இடித்து இறுக்கினேன், கம்பி கட்டினேன், தண்ணீர் வெளியே ஓட வாசல் பக்கமாக வாட்டம் கொடுத்தேன். அதுவரை என்னைக் குறை சொல்ல முடியாது.

காலை பத்தரைக்குக் கலவை போட்டு முடித்தாயிற்று. மேகமூட்டமான நாள். திறந்திருந்த வாசலருகே காற்று பட்டு, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சீக்கிரம் வற்றியது. அதை முதலில் தேய்த்து முடித்தேன். உள்ளே தண்ணீர் அப்படியே நின்றது. இன்னும் மூன்று மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்போது போன் வந்தது. ஒரு வருஷமாக நான் நாயாய் அலைந்தும் பிடி கொடுக்காத பெரிய காண்ட்ராக்டர். “ரெண்டு மணிக்கு சைட்டுக்கு வந்துருங்க” என்றார். போனை வைத்ததும் என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. அங்கே தாமதமாகப் போனால் வேலை போகும். இங்கே என்ன, தங்கச்சி வீடு, யார் கேட்கப் போகிறார்கள்? ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த அரை மூட்டையை நானே பிரித்துத் தூவினேன். நானே தேய்த்தேன்.

“அண்ணே, இதுல முகம் பாத்துத் தலை சீவலாம் போல” என்றாள் தங்கை.

“ஏழு நாளைக்குத் தரை காயவே கூடாது பாப்பா. சாக்கு போட்டு மூணு வேளையும் தண்ணி விடு.” தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஏழு நாளும் வீட்டிலிருந்து தண்ணீர் விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டார். “மச்சான், பெருக்கப் பெருக்கத் தூசி வருது. டயரெல்லாம் மாவு பூசுன மாதிரி இருக்கு.” போய்ப் பார்த்தேன். கட்டைவிரலால் தேய்த்ததும் தெரிந்துவிட்டது. மேல்தோல் செதில் செதிலாக உரிந்தது. இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தண்ணி சரியா விடல போலிருக்கே” என்றேன்.

கெட்டுப்போன தரைக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் நாக்கு நுனியில் வைத்திருக்கும் பதில் அது. கூசாமல் வந்தது. அவள் முகம் சுருங்கிப் போனது. “மூணு வேளையும் விட்டேனேண்ணே… நாலாவது நாள் மத்தியானம் மட்டும் கொஞ்சம் லேட்டாச்சு.”

அது போதுமே மாப்பிள்ளைக்கு. “ஒரு வேலைய நம்பிக் குடுக்க முடியுதா உன்கிட்ட?” என்று பிடித்துக்கொண்டார். நான் அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் தரைதான். பால் பொங்கினால், “தரைக்குத் தண்ணி விட்ட லட்சணம்தானே.” சாவி தொலைந்தால் அதே பாட்டு. இதெல்லாம் அவளே போனில் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “உன் பேரக் கெடுத்துட்டேண்ணே” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நேராகப் போய் நின்றேன். “தப்பு என்னுது. தண்ணி வத்தறதுக்குள்ள சிமெண்டத் தூவித் தேச்சுட்டேன்.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “தூவுனவன அடிக்கப் போன ஆளு நீங்க! பாத்தியாடி, உன்னக் காப்பாத்த உங்க அண்ணன் பொய் சொல்ல வேண்டியிருக்கு.”

“வேணாம்ண்ணே. நான் செஞ்சதுக்கு நீ ஏன் ஏத்துக்கற?” என்றாள் அவளும்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தங்கைக்காகப் பழி சுமந்த அண்ணன்! மானங்கெட்ட மனசு அதற்கும் ஆசைப்பட்டது.

“கார் சாவியக் குடுங்க மாப்ள.” வாங்கி, ஷெட்டின் நடுவில் ஒரு கீறு கீறினேன். வெள்ளையாக மாவு எழுந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். “இப்ப நீங்க வாசல்கிட்ட கீறுங்க.”

குந்தி உட்கார்ந்து கீறினார். ஒன்றும் வரவில்லை. அழுத்திக் கீறினார். சாவி வழுக்கிக்கொண்டு போனது.

“இங்க காத்துல தானா வத்திருச்சு, அதனால தூவல. உள்ள தூவினேன். ரெண்டு எடத்துக்கும் தண்ணி விட்டது ஒரே ஆளு” என்றேன்.

மாப்பிள்ளை சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன நாளா உன்னப் போயி…” என்று தங்கையைப் பார்த்து ஆரம்பித்தவர், முடிக்காமல் வெளியே போய்விட்டார்.

அவள் வாசலோரத் தரையை உள்ளங்கையால் தடவினாள்.

“அன்னைக்கு வந்து பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?”

“தொட்டதும் தெரிஞ்சுது.”

“டீ குடிச்சிட்டிருந்தியே” என்றாள்.

மறுநாளே மேல்தோல் முழுவதையும் கொத்தி எடுத்தேன். கழுவி, சிமெண்ட் பால் அடித்து, இரண்டு அங்குலத்துக்குப் புதுக் கலவை போட்டேன். தண்ணீர் வற்றும்வரை வாசலில் உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் காண்ட்ராக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஏழு நாளும், மூன்று வேளையும், நானே வந்து தண்ணீர் விட்டேன். தங்கை தினமும் டீ கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு நாளும் அதைத் தொடவில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினேன். “இனிமே வண்டிய விடலாம் பாப்பா.”

நான் செய்த எந்த வேலையையும் அவள் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பாள். அன்றைக்கு உள்ளே போய், குந்தி உட்கார்ந்து, நகத்தால் தரையை இரண்டு தடவை கீறினாள். பிறகு விரலை வெளிச்சத்தில் பிடித்து, தூசி இருக்கிறதா என்று பார்த்தாள்.