சஹனில் நாலாவது இடம்

1

இந்தக் கதை ஓர் இடது கையிலிருந்து வந்தது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். காஜா பேராங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிர் மேசையில் ஒரு பெரியவர், தட்டைச் சுற்றி இடது கையை வளைத்துக்கொண்டு சாப்பிட்டார், யாரோ பிடுங்க வருவதுபோல. "உள்ள இருந்துட்டு வந்தவரு. அந்தப் பழக்கம் லேசுல போகாது" என்றார் கடையில் டீத்தண்ணி கலக்குகிறவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'ரப்பர் மரங்களின் நாட்டில் சுதந்திரச் சூரியன் உதித்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டில்...' சீ, பள்ளிக்கூட மேடைப்பேச்சு.

அடுத்தது: 'செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற அப்பாசாமி...' இதை வைத்துக்கொண்டு ரொம்பத் தூரம் ஓடினேன். பிறகு அடித்துவிட்டேன். நிரபராதிக்கு இரக்கப்பட யாருக்கய்யா வலிக்கும்?

2

ஆகவே, அப்பாசாமி செய்தவன்தான். வாய்ச்சண்டை முற்றி, ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோரைப் பால்வெட்டுகிற கத்தியால் கையில் வெட்டினான். அந்த மனுஷனுக்கு விரல் பிறகு மடங்கவே இல்லை. தண்டனை முடிந்து வந்தவனைத் தோட்டம் சேர்க்கவில்லை. சொந்த அண்ணன் வாசலோடு அனுப்பிவிட்டான். பஸ் ஓடுகிற சடக்கோரம் நின்றவனைப் பார்த்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டவர் சாப்பாட்டுக் கடை ஜெய்னுலாப்தீன் பாய் ஒருத்தர்தான்.

மறுநாள் காலையில் பாயின் மனைவி ஜமீலா அவனிடம் ஒரு கூடை வெங்காயத்தைத் தள்ளினார். கூடவே கத்தியையும் நீட்டினார்.

அப்பாசாமி வாங்கவில்லை. "அம்மா, நான் எதுக்கு உள்ள போனேன்னு..."

"தெரியும். கத்தி இல்லாம வெங்காயத்தக் கடிச்சா நறுக்குவே? சுருக்கா முடி, அடுப்புல எண்ணெய் காயுது."

அன்றைக்கு அவன் கண்ணிலிருந்து வழிந்தது வெங்காயத்தால் மட்டும் இல்லை. அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தான்.

(இடையில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் புருஷனும் பொஞ்சாதியும் இவ்வளவு நல்லவர்களா? சரி, பாய் முன்கோபி, ஜமீலா வேலை வாங்குவதில் கெட்டி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன சேர்த்தாலும் அந்தக் கத்தியை அவர் நீட்டத்தான் செய்கிறார். நான் என்ன பண்ண?)

3

சுதந்திரம் வந்த வாரம் பாய் கடையில் கந்தூரி வைத்தார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா. தரையில் கோரைப்பாய் விரித்து, பெரிய சஹன் தட்டு வைத்து, தட்டுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைப்பது அவர்கள் வழக்கம். நாலாவது ஆள் வந்து சேரும்வரை யாரும் கை வைப்பதில்லை.

பக்கத்துத் துணிக்கடை அலாவுதீன் முதல்நாளே சொல்லிவிட்டார்: "பொம்பளப்பிள்ளைங்க வந்துபோற சடக்கு பாய். அந்த ஆள அனுப்பிடுங்க. அவன்கூட ஒரு சஹன்ல எவன் உக்காருவான்?"

அப்பாசாமி காதில் அது விழுந்தது. துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டான். நம்மோடு உட்கார நாலு பேர் சேரவில்லையென்றால், பாய்க்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்காமல் காலையில் பஸ் ஏறிவிடுவது. எந்த ஊருக்கு என்று அவனுக்கே தெரியாது.

பாய் அவனை இழுத்து உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். தையல்காரர் ஷரீஃபுதீன் முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே வந்து மூன்றாவதாக அமர்ந்தார். ஒரே ஓர் இடம் பாக்கி. மற்ற சஹன்களெல்லாம் நிரம்பிவிட்டதால் அலாவுதீனும் வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜமீலா சோற்றைக் கொட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. அப்பாசாமியின் இடது கை தானாக எழுந்து சஹனை வளைத்துக்கொண்டது.

"பாத்தீங்களா! நாலு பேரு தட்டையே வளைச்சுப் பிடிக்கிறான்!" என்று அலாவுதீன் நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்பாசாமி அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். "மன்னிச்சிருங்க பாய்..." என்று எழப்போனான்.

ஜெய்னுலாப்தீன் தன் இடது கையை நீட்டித் தன் பக்கத்துச் சஹனை வளைத்தார். "எந்திரிக்காதே. இவ்வளவு நல்ல கறிக்குக் காவல் வேணாமா?"

"அதானே" என்று ஷரீஃபுதீனும் கையை வளைத்தார்.

அப்பாசாமி தலையைத் தூக்கவில்லை. "நன்றி பாய்" என்றான். சிறையிலிருந்து வந்த பிறகு அந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

4

முடிவு ஒன்று: அலாவுதீன் மனம் மாறி உட்கார்ந்தார். (எழுதி அடித்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் மாறுகிற ஆள் இல்லை அவர்.)

முடிவு இரண்டு: அலாவுதீன் போய்விட்டார், அப்பாசாமி மூட்டையை எடுத்துக்கொண்டு... (இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

மூன்றாவதை நான் எழுதப் போவதில்லை. மூன்று கைகள் வளைத்த பிறகும் அந்தச் சஹனில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது, சரியாக ஓர் ஆள் கை அளவுக்கு. நான் உட்கார்ந்தால் கணக்கில் வராது. அவனை உண்டாக்கியவளே நான்தானே, எனக்கு அவனிடம் பயமில்லை. அவன் என்ன செய்தான் என்று தெரிந்தும் வந்து உட்காருகிற ஆள் வேண்டும்.

இதுவரைக்கும் கூடவே வந்தீர்களே, அதற்கே உங்களுக்குப் பெரிய நன்றி.

கறி ஆறுகிறது. மூட்டை கதவோரம் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வாங்க.