ஐந்தாவது குழாய்

சகின்பெக் சலவையறைச் சுவரோரம் மண்டியிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தான். தரைக்கடியில் ஓடும் வெந்நீர் இங்கிருந்துதான் ஒவ்வோர் அறைக்கும் பிரிந்துபோனது. ஐந்து குழாய்கள், அவற்றைத் திறந்து மூடச் சிவப்புப் பிடி வைத்த ஐந்து திருகுகள். பிஷ்கெக்கில் மூன்று நாளாகப் பனி விடவில்லை.

"எனக்கு முன்னாடி ரெண்டு பேர் பாத்தாங்களாமே?"

"வந்தானுங்க, தின்னானுங்க, போனானுங்க," என்றாள் வீட்டுக்காரி ஜிபார். "கூடம் கொதிக்குது. என் படுக்கையறை மட்டும் பொணமாட்டம் சில்லுன்னு கெடக்குது. இடுப்பே விட்டுப்போச்சு. நீயும் சொதப்பினா இந்தத் தெருவுல உனக்கு வேலை கெடைக்காது."

அவள் போனதும் குழாய்களில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. வடிகட்டியும் சுத்தமாக இருந்தது. டார்ச்சை அடித்தான். மூன்று திருகுகளின் மேல் துணித்தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. படுக்கையறைக்கான இரண்டாவதும், இந்த அறைக்கான ஐந்தாவதும் மட்டும் பளபளத்தன. இரண்டாவது இறுக மூடியிருந்தது; ஐந்தாவது முழுக்கத் திறந்திருந்தது.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த வேலைக்காரி ஊல்கான் நிமிரவில்லை. சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய மெத்தை சுருட்டிக் கிடந்தது.

"நீங்கதானாக்கா?"

"நான்தான். போய்ச் சொல்லு."

"எதுக்கு இப்படி?"

"போன குளிர் பூரா அந்த அஞ்சாவதை மூடி வெச்சிருந்தா. 'வேலை செஞ்சா ஒடம்பு தானா சூடாவும்'னா. இந்தச் சிமெண்டுல படுத்துப் படுத்து ஒரு கிட்னியையே எடுத்துட்டாங்க, தம்பி." தலையணையுறை ஒன்றை உதறினாள். "காலையில அவ இடுப்பப் புடிச்சிக்கிட்டு எந்திரிப்பா பாரு, அன்னிக்குப் பூரா எனக்கு வலியே தெரியாது."

"வேற வீடு பாக்கலாமே?"

"ஒத்தக் கிட்னிக்காரிய எவ வேலைக்கு வெப்பா?"

அவன் இரண்டாவதைத் திறந்துவிட்டான்.

ஜிபார் திரும்பி வந்தாள். "என்ன கோளாறு?"

"காத்து அடைச்சிருந்துச்சு."

அவள் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "அந்தக் கடைசி எதுக்கு?"

"இந்த ரூமுக்கு."

"யாரு தொறந்தது? மூடு."

"இங்க படுக்கறவங்களுக்கு..."

"உன்கிட்ட வைத்தியம் கேக்கல. மூடிட்டு அஞ்சு பிடியையும் கழட்டிக் குடு."

ஊல்கானின் கைகள் நின்றன. சகின்பெக் ஐந்தாவதை மூடினான். ஐந்து சிவப்புப் பிடிகளும் ஜிபாரின் அங்கிப் பைக்குள் போயின.

அவள் காலடியோசை ஓய்ந்ததும் ஊல்கான் கேட்டாள்: "பிடி போனா என்ன, கொறடு இருந்தா திருகலாம்ல?"

"திருகலாம். மூட வலப்பக்கம்."

"அதை நீ எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்!"

அவன் சிறிய குறடு ஒன்றை மடித்த தலையணையுறைகளுக்கு நடுவே செருகினான்.

தரை சூடேறும்வரை ஜிபார் அவனைப் போகவிடவில்லை. மத்தியானம் படுக்கையறைத் தரையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, வாசலில் பூட்ஸ் மாட்டும்போது திரும்பிப் பார்த்தான். திறந்திருந்த படுக்கையறைக்குள் ஜிபார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்ட ஊல்கான், ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி மண்டியிட்டு அந்தச் சூடான தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.