டிசம்பரில் கொடுத்த கோட்டு

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. டெல்லி சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தின் கேன்டீனுக்குக் காபி குடிக்கப் போயிருந்தேன். அங்கே சமையல் பொறுப்பைப் பார்க்கும் சுரேஷ்குமார், வேலூர்ப் பக்கத்துப் பழைய பட்டாளத்துக்காரர், காபியோடு இதையும் சொல்லி முடித்தார்.

"எழுதுங்க மேடம். ஆனா அவனைச் சாகடிச்சுடாதீங்க. உங்க ஆளுங்களுக்கு அது ஒரு வியாதி."

எங்கள் ஆட்கள் என்றது எழுத்தாளர்களை. எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

2

முதல் தொடக்கம்: 'தலைநகரின் பனிமூட்டத்தில், தனிமையே துணையாக, ஒரு முன்னாள் வீரர்...'

அடித்துவிட்டேன். பனிமூட்டம் என்று படித்தாலே டெல்லிக்காரனுக்கு இருமல் வரும்.

இரண்டாவது: 'கலியமூர்த்தியை இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.'

இது இருக்கட்டும். சுரேஷ்குமாரோடு பட்டாளத்தில் ஒரே பாரக்கில் கிடந்தவர் கலியமூர்த்தி. ஹவில்தாராக ஓய்வு பெற்று, வசந்த் விகாரில் ஒரு குடியிருப்பின் கேட்டில் காவல் நிற்கிறார். குடும்பம் மாயவரத்தில். இவர் முனிர்காவில் ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாக. "பையா, கேட் கோலோ." "பையா, பார்சல்." கேட்டைத் திற, பார்சலை வாங்கு என்று நாள் முழுக்கப் பையாதான், இந்தியில் அண்ணா.

பட்டாளத்தில் தினமும் சாயங்காலம் ரோல் கால் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும். பெயரைக் கத்துவார்கள். "ஆஜர் ஸாப்!" என்று திருப்பிக் கத்த வேண்டும்.

"அப்ப எரிச்சலா இருக்கும் மேடம்" என்றார் சுரேஷ்குமார். "கால் கடுக்கும். லங்கர்லேர்ந்து, அதான் சமையக்கட்டுலேர்ந்து, பருப்பு தாளிக்கிற வாசம் வேற வரும். இப்ப நெனச்சுப் பாத்தா, தெனம் ஒரு தடவை எவனோ நம்ம பேரைச் சொல்லி, இருக்கியாடான்னு கேட்டிருக்கான்."

(இந்த இடத்தில் எனக்கும் ஏக்கம் பிடித்துக்கொண்டது. கதைக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்வேன். என் சின்ன வயதில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குளிர்கால மத்தியானங்களில் அம்மாக்கள் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பால்கனிக்குப் பால்கனி பெயர்கள் பறக்கும். "கோமளா! மேலே வாடி!" இன்னும் கொஞ்ச நேரம் விளையாடவிட மாட்டார்களா என்று அழுகை வரும். அந்தக் குரலுக்காக இன்று நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.)

3

கலியமூர்த்திக்கு ஏன் வாழப் பிடிக்காமல் போனது? வாசகர் கேட்பாரே என்று ஒரு காரணம் எழுதினேன். எல்லையில் அவர் பார்த்த ஏதோ ஒரு

இல்லை. பிறகு, கேட்டில் ஒரு சின்னப் பையன் அவரை அவமானப்படுத்துவதாக எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. சுரேஷ்குமாரைக் கேட்டேன்.

"ஒரு காரணமா இருந்தா ஒரு அடியில முடிச்சிரலாமே மேடம். தூக்கமில்ல. சாப்பாடு எறங்கல. வீட்டுக்குப் போன் பண்றதை நிறுத்திட்டான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

4

நடந்தது இதுதான். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுரேஷ்குமாரை அறைக்கு வரச்சொன்னார் கலியமூர்த்தி. கட்டிலின் மேல் அவருடைய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு மடித்து வைத்திருந்தது. பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. பக்கத்தில் பாலிஷ் போட்ட பூட்ஸ், எனாமல் மக்.

"எல்லாத்தையும் நீ வச்சுக்கடா."

பட்டாளத்தில் ஒருவன் போஸ்டிங் வந்து இடம் மாறிப் போகும்போது, தன் சார்ஜில் இருக்கிற சாமானை இப்படித்தான் துடைத்து, மடித்து ஒப்படைப்பான். வாங்குகிறவன் கேள்வி கேட்பதில்லை. பழக்க தோஷம், சுரேஷ்குமாரும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "அச்சா ஸாப், சார்ஜ் எடுத்தாச்சு!" என்றார். இருவரும் சிரித்தார்கள். பழைய சிரிப்பு, ஜபல்பூர் பாரக்குச் சிரிப்பு. சுரேஷ்குமார் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பஸ்ஸில்தான் உறைத்தது. உடம்பு கதகதவென்று இருந்தது, அதனால் உறைத்தது. கேட்டில் நிற்கிறவன் டிசம்பரில் கோட்டைக் கொடுப்பானா? போஸ்டிங் ஆர்டர் இல்லாமல் எவனாவது சார்ஜை ஒப்படைப்பானா?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பினார். கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். கலியமூர்த்தி திறந்தார்.

"என்னடா, மறந்துட்டியா எதையாவது?"

"கலியா, உனக்கு எங்கடா போஸ்டிங்?"

கலியமூர்த்தி அவர் போட்டிருந்த கோட்டின் பொத்தான்களைப் பார்த்தார்.

"செத்துடலாம்னு இருக்கியா?"

(இப்படிப் பச்சையாகக் கேட்கலாமா என்று சுரேஷ்குமாரிடம் நானே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது, உள்ளே இருப்பது வெளியே வரும் என்று பட்டாளத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிறகு அவரிடம் சொன்னாராம்.)

"ஆமாண்டா" என்றார் கலியமூர்த்தி. "நீ கேட்டுட்ட."

பிறகு அழுதார். சுரேஷ்குமார் புத்தி எதுவும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி நண்பனுக்குப் போட்டுவிட்டு, டீ போட்டு, அங்கேயே தங்கி, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

5

முடிவுகள். ஒன்று, நான் முதலில் எழுதியது: பஸ் நிற்கவில்லை, சுரேஷ்குமார் திரும்பிப் போகவில்லை. அழகான வாக்கியங்கள். கிழித்துப் போட்டேன்.

இரண்டு: மாத்திரையில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பொய். மாத்திரை உதவுகிறது. சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை.

மூன்று, இது நிஜம்: சுரேஷ்குமார் பழைய பாரக் ஆட்களைப் பிடித்து, தினமும் சாயங்காலம் போனில் ரோல் கால் ஏற்பாடு செய்தார். கூப்பிடுகிற வேலை கலியமூர்த்திக்கு. "நீ கூப்பிடலேன்னா இவனுங்க இருக்கானுங்களா இல்லையான்னு யாருக்குடா தெரியும்?" என்றாராம்.

கதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் கலியமூர்த்தி என்னையும் சேர்த்துக்கொண்டார். "கோமளா!" என்று அதட்டுகிறார், மேடம் எல்லாம் கிடையாது. முதல் நாள் "ஆஜர் ஸாப்" சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதேன்.

(கதைக்குள் போன் நம்பர் எழுதுவது இலக்கணமா என்று தெரியவில்லை. 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு எண். தமிழிலும் பேசலாம்.)

6

முடிவு எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். வெளியே இருட்டிவிட்டது. அழைப்பு வருகிற நேரம் தாண்டிவிட்டது. போன் சும்மா கிடக்கிறது. டியூட்டி மாறியிருக்கும், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், தூங்கியிருப்பார் என்று நான்கைந்து வாக்கியங்கள் தயாராக வருகின்றன, எனக்கு இதுதானே தொழில். ஆனால் கூப்பிட வேண்டியவன் கூப்பிடாவிட்டால் வரிசையில் நிற்கிறவன் கூப்பிட வேண்டும் என்பது சுரேஷ்குமார் சொல்லிக் கொடுத்த சட்டம்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டேன், அங்கே மணி அடிக்கிறது, கலியமூர்த்தி எடுத்ததும் முதலில் அவர் பெயரைச் சொல்லித்தான்