சாம்பல் கட்டுக்குள் ஒரு நாவல்பழப் புடவை

பாண்டி பஜாருக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக் கடையின் இரண்டாவது மாடியில் பட்டுப் புடவை விற்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. என் பெயர் செண்பகம். இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். புடவைக்காகப் புடவை வாங்குகிறவர்கள் பத்துக்கு இரண்டு பேர். மீதி எட்டுப் பேர் பக்கத்து ஸ்டூலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஒரு அம்மா நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு முடிவுக்கு வராமல் உட்கார்ந்திருந்தால், அவர் ஒதுக்கித் தள்ளிய புடவை ஒன்றை எடுத்து அடுத்த ஸ்டூலில் இருப்பவர் பக்கம் மெதுவாக நகர்த்துவேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த இன்னொருவர் கரையைத் தொட்டுப் பார்த்தால் போதும். "அது நான் பாத்துட்டு இருந்தது" என்று ஒரு கை நீளும். பில் போட்டுவிடலாம். சூப்பர்வைசர் துரைராஜ் இதற்காக எனக்கு இரண்டு முறை சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் காரணம் கனிவான சேவை என்று போட்டிருந்தது.

என் பக்கத்தில் நிற்பவள் மணிமொழி. எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு அகராதி உண்டு. வருகிறவர்கள் எதிரிலேயே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வோம். "மூணாவது ஸ்டூல்ல ஏக்கம்" என்பாள். அவர் வாங்க மாட்டார், ஆனால் முப்பது புடவையைத் தடவிப் பார்ப்பார் என்று அர்த்தம். அவருக்குத் தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்புவோம். விலைச்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்த முறை குறைந்திருக்குமோ என்று மறுபடி திருப்பிப் பார்ப்பவர் நப்பாசை. அடுத்தவர் மடியையே பார்த்துக்கொண்டிருப்பது பொறாமை. எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். வயிற்றெரிச்சல் வேறு ஜாதி. அது தனக்கு எதுவும் வாங்க வந்திருக்காது. வாங்குகிறவருக்குத் துணையாக வந்து, எதை எடுத்தாலும் "சாயம் போகும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வயிற்றெரிச்சல் வந்தால் முதலில் அதற்குக் காபி சொல்லி அனுப்புவோம்.

ஆசை அபூர்வம். ஆசைப்படுகிறவர் புடவையை மட்டும் பார்ப்பார். ஏன் பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

எனக்குத் தெரிந்து அப்படி ஒருத்தி நான்தான். போன ஆவணியில் வந்த சரக்கில் ஒரு புடவை. நாவல்பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். மெல்லிய கரை. உடலில் ஒரு பூ கிடையாது. பார்த்ததும் வேண்டும் என்று இருந்தது. மகளுக்கா என்று மணிமொழி கேட்டாள். எனக்கு என்றேன். விசேஷம் ஏதாவதா என்றாள். இல்லை என்றேன். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறேன். அங்கிருந்து பஸ் பிடித்து இங்கே வந்து, வந்ததும் கடைச் சீருடைக்கு மாறுகிறவள். அதை எங்கே கட்டிக்கொண்டு போவேன் என்று நானே யோசித்ததில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்த ஆடி வரைக்கும் விற்காமல் கிடக்கும் பட்டுப் புடவைகளை, ஆடி கடைசி நாளன்று ஊழியர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஊழியர்கள் எதையும் எடுத்து வைக்கக் கூடாது. நான் எடுத்து வைக்கவில்லை. சாம்பல் நிறப் புடவைகளின் கட்டு ஒன்று அடித்தட்டில் இருக்கிறது. கல்யாணம், பூணூல் என்று வருகிறவர்கள் யாரும் சாம்பல் கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டின் நடுவே அதைச் செருகினேன். அவ்வளவுதான். பதினோரு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. ஆடி முடியப் பத்து நாள் இருந்தது.

அன்று காலை மயிலாப்பூரிலிருந்து இரண்டு ஓர்ப்படிகள், அண்ணன் தம்பி மனைவிகள், வந்தார்கள். இளையவர் ஸ்ரீலக்ஷ்மி. அவர் மகன் ஷ்ரவணுக்கு ஆவணியில் பூணூல். மூத்தவர் ஜெயலக்ஷ்மி மாமி. முறைப்படி அவருக்கும் ஒரு புடவை. இளையவர் கால் மணி நேரத்தில் ஒரு பச்சையை எடுத்துவிட்டார். மாமி ஒன்றரை மணி நேரம் எதையும் எடுக்கவில்லை. அந்தப் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறாமை" என்றாள் மணிமொழி, மூச்சு விடுகிற மாதிரி.

"எல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கற கலரா இருக்கே. க்ரே இருந்தா காட்டுங்கோ" என்றார் மாமி.

"க்ரே இல்லைங்க மாமி."

"அதோ, கீழ ஒரு கட்டு இருக்கே."

கட்டை எடுத்தேன். எடுத்தபோது ஒரு தப்பு செய்தேன். பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் செய்யக் கூடாத தப்பு. சாம்பல் புடவைகளை மாமி முன்னால் வைப்பதற்கு முன், நடுவில் இருந்ததை உருவி என் முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

மாமி சாம்பல் புடவைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை ஏன் எடுத்து வெச்சேள்?"

"டேமேஜ் மாமி."

"என்ன டேமேஜ்? பாக்கறேன், காட்டுங்கோ."

துரைராஜ் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். டேமேஜ் என்ற வார்த்தை அவர் காதில் எப்போதும் முதலில் விழும். "எங்க டேமேஜ் செண்பகம்? பிரி" என்றார்.

பிரித்தேன். டேமேஜ் எங்கேயும் இல்லை. எனக்கு அது தெரியும். மாமி புடவையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் எத்தனை முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். இப்போது என் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குப் புரிந்தது.

"உங்க மேல போட்டுக் காட்டுங்கோ."

சீருடைக்கு மேல் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டேன். எதிரில் கண்ணாடி. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதுதான் பெரிய கஷ்டம். அழுகை வந்தது. ஏசி காற்று கண்ணில் படுகிறது என்று சொல்லித் துடைத்தேன்.

"இதையே பில் போட்டுடுங்கோ" என்றார் மாமி.

"சாயம் போகும் மாமி."

என் வாய்தான் சொன்னது. துரைராஜ் என்னைப் பார்த்தார். மணிமொழி மெதுவாகத் திரும்பிக் காபி கொண்டுவரும் ஆளைத் தேடினாள். மாமி சிரித்துவிட்டு, பில் எங்கே என்று கேட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மணிமொழி என் டப்பாவில் ஒரு முட்டையை வைத்தாள். "இன்னாக்கா, ஏக்கமா?" என்றாள்.

"வயித்தெரிச்சல்டி. அந்தம்மா அதக் கட்டிக்கினு விசேஷத்துல நிக்கசொல்ல யாராச்சும் காபிய ஊத்திடணும்னு தோணுது."

"அது புடவைக்கு ஆவாதே."

அது எனக்குத் தோன்றவில்லை. முட்டையைச் சாப்பிட்டேன்.

ஆறாவது நாள் ஜெயலக்ஷ்மி மாமி தனியாக வந்தார். கையில் எங்கள் கடைப் பை. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லின் பின்னால் அச்சடித்திருக்கிறோம்.

"என்ன மாமி, கட்டிப் பாத்தீங்களா? நல்லா இல்லையா?"

"நன்னாத்தான் இருந்தது. ஸ்ரீகிட்ட காட்டினேன். பாத்தா. ஒண்ணுமே சொல்லலை."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"நன்னா இருக்கு மன்னின்னா. அவ்வளவுதான். வேற குடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. வாங்கிக்கொண்டு போனபோதுகூட அவ்வளவு வரவில்லை. ஓர்ப்படி வயிறு எரியவில்லை என்பதற்காக ஒரு புடவை திரும்பி வருவதா? அதற்கு என்ன குறை? ஆனால் நான் விற்கிறவள். பையை வாங்கிக்கொண்டேன்.

மாற்றி வந்த சரக்குக்குப் புதுச் சீட்டு போடுவது வழக்கம். துரைராஜ் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு அன்றைய தேதி அடித்ததை ஒட்டினார். ஆடி முடிய நாலே நாள். புதுத் தேதிப்படி அது இன்னும் ஒரு வருடத்துக்கு ஊழியர்களுக்குக் கிடையாது.

மாமி வேறு புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் என் கையிலேயே இருந்தது. "அதை யாராவது கேட்டாளா?" என்றார்.

"யார் கேப்பா மாமி? அடியில கிடந்த சரக்கு."

மடிக்காமல், பழைய துணியைப் போடுகிற மாதிரி அதை அடித்தட்டில் தூக்கிப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. மாமிக்கு அதன் மேல் இருந்த கொஞ்ச நாட்டமும் போய்விட்டது. ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து ஸ்டூலில் ஒருவர் அதன் கரையைத் தொட்டிருந்தார். நான்தான் நகர்த்தி வைத்தேன்.

அவர் லிஃப்ட்டில் ஏறியதும் குனிந்து அதை எடுத்து, மடிப்புக்கு மடிப்பு நீவி, சாம்பல் கட்டின் நடுவே வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. யாராவது சாம்பல் கேட்டால் மணிமொழியை எடுக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆடி கடைசி நாளன்று மற்றவர்கள் எல்லாம் பாதி விலைப் புடவைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மணிமொழி ஒரு மஞ்சளை எடுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பறதே இல்லையேக்கா. இப்ப அது வேணாமா?"

"வேணும்" என்றேன், ஜன்னலைப் பார்த்தபடி.