அண்ணன் சட்டைப்பையில் பழைய சாவி

எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அண்ணன் காது கொடுத்துக் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். அப்பா வண்டிக்கும் தம்பி வண்டிக்கும் அப்படித்தான் உத்தரவு கிடைத்தது.

நான் அவரைக் கேட்காமலே ஹைப்ரிட் கார் எடுத்துவிட்டேன். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரி மோட்டாரும் உண்டு; சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துகொள்ளும். யோசிக்காமல் எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எழுதிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் பதினொரு சிக்னல். ஒரு மாதம் குறித்து வைத்ததில், பழைய கார் நின்ற இடத்திலேயே புகைந்த நேரம் நாளொன்றுக்கு நாற்பத்தொரு நிமிடம். அந்தப் புகை, பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவர் மூக்குக்கு.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய காரை எடுத்துப்போக ஷோரூம் ஆள் வருவதாக ஏற்பாடு. அதை ஒப்படைத்தால்தான் வாசலில் வந்து நிற்கும் புதியது எனக்கு. இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பத்தரைக்கே அண்ணன் வந்து, ஆணியில் தொங்கிய பழைய காரின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாற்றுச் சாவி தொலைந்து நாலு வருடம்.

"முதல்ல நான் கேக்கறேன். சரியில்லன்னா புதுசத் திருப்பி அனுப்பு."

"சரியா இருந்தா?"

"இருக்காதும்மா. துணிப்பை தூக்கின, சரி. கடைக்கு டப்பா எடுத்துட்டுப் போன, தெருவே சிரிச்சுது, அதுவும் சரி. பச்சைக்கிளிக்கு இப்ப ரெக்கை வேற முளைச்சிருக்கு."

திண்ணையில் என் கணவர் செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். மச்சானை எதிர்த்து அவர் பேசிய நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை.

வாசலில் புது வண்டியின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு பானட்டைத் திறந்தேன். அண்ணன் ஊன்றினார், கண்ணை மூடினார். இடம் மாற்றி ஊன்றினார்.

"ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணியாச்சு."

"பொணத்துக்கு நாடி பாக்கச் சொல்றியா?"

"ரெடின்னு விளக்கு எரியுதுண்ணே. எஞ்சின் எப்ப வேணாலும் எழும்பும். தலைய எடுங்க."

"இருபத்தாறு வருஷமா எஞ்சின் கேக்கறேன். எனக்கே நீ..."

எஞ்சின் எழுந்தது. அண்ணன் துள்ளியதில் தலை பானட்டில் இடித்தது; ஸ்க்ரூடிரைவர் நழுவி எஞ்சினுக்குக் கீழிருக்கும் அடித்தட்டில் விழுந்தது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது.

வண்டியை அணைத்தேன். அண்ணன் தெருவில் மல்லாந்து படுத்து, அடித்தட்டின் இடுக்கில் கைவிட்டுத் துழாவினார். அப்போதுதான் ஷோரூம் ஆள் ஒரு டிரைவரோடு ஜீப்பில் வந்து நின்றார்.

"ரிப்பேரா மேடம்?"

"இல்லீங்க. அண்ணன் வண்டிய ஆசீர்வாதம் பண்றார்."

எழுந்தவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "காதுக்குக் கேக்காத வண்டிய நான் ஒத்துக்க மாட்டேன். சாவி தர முடியாது."

"நீங்க ஒத்துக்க வேண்டாம்ணே. சாவியும் நீங்களே வச்சுக்குங்க." ஷோரூம் ஆளிடம் திரும்பினேன். "கட்டி இழுத்துட்டுப் போங்க. கயிறு நான் தரேன்."

துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, பழைய காரின் முன்னால் குனிந்தேன். பம்பரில் ஒரு சுற்று சுற்றியதுதான் தாமதம்.

"அறிவிருக்கா? அதுல கட்டினா பம்பர் பிச்சிட்டு வந்துரும். நான் மாட்டின பம்பர் அது."

"வரட்டும்."

இரண்டாவது முடிச்சையும் போட்டேன். அண்ணன் பல்லைக் கடித்தார். பிறகு சாவியைப் பானட்டின்மேல் வீசினார்.

"இந்த வண்டி மழையில நின்னுச்சுன்னா என் வாசலுக்குத்தான் வருவ."

"பஸ்ல போவேன்."

முடிச்சுகளை அவிழ்த்து, சாவியை ஷோரூம் ஆளிடம் கொடுத்தேன். கயிற்றைப் பழைய இடத்தில் கட்டித் துணியைக் காயப்போட்டேன்.