கடையில் வாங்காதது

டிசம்பர் பிறந்துவிட்டால் சந்தியாகோ நகரின் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் எல்லோர் பெயரையும் பையில் போட்டுக் குலுக்குவார்கள். கைக்கு வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமைதான் குட்டு உடையும். முன்பெல்லாம் ஒரு கைக்குட்டையோடு காரியம் முடிந்தது. பெல்கிஸ் மேற்பார்வைக்கு வந்த பிறகு வாரம் ஒரு பரிசு என்றானது. கடைசிப் பரிசு இரண்டாயிரம் பெசோவுக்குக் குறையக் கூடாது என்று சுவரில் தாளும் ஒட்டினாள்.

பதினெட்டு வருஷமாகச் சுருட்டு சுற்றும் நெரெய்டா அதை நின்று படித்தாள். போன வருஷம் பண்டிகைக்கு வந்த இரட்டைச் சம்பளத்தில் பாதியைப் பரிசுகளுக்கே கரைத்துவிட்டு, மே மாத மழையில் ஒழுகும் தகரக் கூரைக்கடியில் வாளிகளோடு உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்குக் கிடைத்ததோ ஆறு ஒயின் கிண்ணங்கள். அவள் வீட்டில் ஒயின் குடிப்பவர் யாருமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் பெல்கிஸிடம் சொல்லிவிட்டாள்.

"பையில என் பேரு இருக்கட்டும். ஆனா கடையில நான் எதையும் வாங்கப் போறதில்ல."

"அப்ப வெறுங்கைய வீசிக்கிட்டு வருவீங்களா?"

"வெறுங்கையான்னு அன்னிக்குப் பாருங்க. என் பேரு யாருக்கு வந்தாலும் சரி, அவங்களும் எனக்காகக் கடை ஏற வேணாம்."

அன்று முதல் அவள் 'கஞ்சப் பிசினாறி' ஆனாள். காற்றைப் பொட்டலம் கட்டித் தரப் போகிறாயா என்று எதிர் வரிசைப் பெண்கள் இருவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நெரெய்டா தலையைத் தொங்கப்போடவில்லை.

அவளுக்கு வந்த சீட்டு யஹைரா. வேலைக்குப் புதிது, ஏழு மாதக் கர்ப்பம். வாரப் பரிசாக வீட்டு மரத்து ஆரஞ்சுப் பழங்களும் ஒரு குடுவை இஞ்சி டீயும் யாருக்கும் தெரியாமல் அவள் மேஜைக்குப் போயின. கடைசிப் பரிசுக்காக நெரெய்டா அந்தப் பெண்ணையே கவனித்தாள். சுருட்டு அச்சுகளை அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில், காற்றே வராத மூலை அவளுடையது. வெக்கை தாங்காமல் இரண்டு முறை வாந்தியெடுக்க ஓடினாள்.

கடைசி வெள்ளிக்கிழமை காலை காபி நேரத்தில் சென்ட் பாட்டில், மிக்ஸி, பளபளப்புத் தாள் சுற்றிய பெட்டிகள் எல்லாம் கைமாறின. நெரெய்டாவின் முறை வந்தது. தன் பலகையையும் இலை நறுக்கும் வளைந்த கத்தியையும் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கு நடந்தாள்.

"எந்திரி பொண்ணே. இனிமே என் இடம் உன்னோடது."

 கூடத்தில் காற்று வரும் ஒரே ஜன்னலை ஒட்டியது நெரெய்டாவின் இடம். பதினோரு வருஷம் காத்திருந்து பிடித்தது. பணம் தருகிறேன் என்று கேட்டவர்களுக்கும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

பெல்கிஸ் முன்னால் வந்தாள். "யாரு எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லணும்."

"சொல்லுங்களேன். புள்ளத்தாச்சியத் திரும்ப இந்த மூலைக்கே போன்னு உங்க வாயால சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பெல்கிஸ் சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் இல்லை. காபி நேரம் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

யஹைரா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எத்தன நாளைக்குக்கா?"

"குடுத்தா குடுத்ததுதான். போய் உக்காரு."

மத்தியானத்துக்குள் நெரெய்டாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. அது முகத்தில் தெரிந்துவிடாதபடி இன்னும் வேகமாகச் சுற்றினாள். மறுநாள் சனிக்கிழமை, இந்த வருஷத்து இரட்டைச் சம்பளத்தில் கூரைக்குப் புதுத் தகரம் வாங்கிப் போட்டாள்.

திங்கட்கிழமை எதிர் வரிசைப் பெண்கள் இருவரும் வந்து, ஆளுக்கொரு வாரம் அந்த மூலையில் தாங்கள் உட்காருவதாகச் சொன்னார்கள். நெரெய்டா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இது நான் குடுத்தது. இதுல பங்குக்கு வராதீங்க. உங்க சீட்டுல வந்தவங்களுக்கு என்ன வேணும்னு என்னிக்காவது பாத்தீங்களா? போய்ப் பாருங்க."